வாசகர் கேள்வி – பதில்: யார் கேட்டாலும் ராஜினாமா எழுதித் தராதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே செய்தியைச் சுற்றியே இருக்கின்றன. கோவையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம்களை, அதாவது சிகிச்சைக்குப் பணம் கேட்டு வரும் பில்களைச் சரிபார்க்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். அந்த நிறுவனம் ஒரு மாநிலத்தின் மெடிக்கெய்ட், அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் ஒப்பந்தத்தை இழந்துவிட்டது. இங்கே வேலை தங்குமா என்ற பயம் கீரணத்தத்திலிருந்து பீளமேடு வரை பரவியிருக்கிறது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லின் சம்பளப் பிரிவில் 9 ஆண்டு, அது மூடியபின் கிளெய்ம் அலுவலகங்களில் 18 ஆண்டு வேலை பார்த்தவள் நான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஒரு வாசகி, சரவணம்பட்டி: அம்மா, 6 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். எங்கள் புராசஸில், அதாவது ஒரு வாடிக்கையாளருக்காக நடக்கும் வேலைப் பிரிவில், முக்கால்வாசி வேலை ஒரே மாநிலத்தின் மெடிக்கெய்ட்தான். போன வாரம் இரவு 2 மணிக்கு, ஷிப்டின் நடுவில், அந்த மாநிலம் அடுத்த ஒப்பந்தத்தை வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டது என்ற செய்தி வந்தது. மேலாளர் எல்லோரையும் கூட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். மறுநாளே புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது. உண்மையில் என்ன நடக்கும்? எத்தனை நாள் இருக்கிறது? அமெரிக்காவில் உள்ள ஊழியர்களுக்கு 60 நாள் முன்னறிவிப்பு உண்டாமே?

அம்மிணி, பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். முக்கால்வாசி வேலை ஒரே ஒப்பந்தத்தில் தொங்கும்போது பயம் வரத்தான் செய்யும். ஆனால் எந்தத் தேதிக்குப் பயப்படுவது என்று தெரியாமல் பயப்படுகிறீர்கள். அந்தத் தேதியை முதலில் தேடுவோம்.

தினமும் திரையில் பார்க்கிற பெயர் என்றாலும் மெடிக்கெய்ட் எப்படி நடக்கிறது என்று நம் அலுவலகங்களில் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. 1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது அது. முதியோருக்கான மெடிக்கேரும் அதே கையெழுத்தில் பிறந்ததுதான். மெடிக்கேர் அமெரிக்க நடுவண் அரசினுடையது. மெடிக்கெய்டுக்கு நடுவண் அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடுகின்றன; நடத்துவது மாநிலம். அதனால்தான் கலிபோர்னியாவில் மெடி-கால், டென்னசியில் டென்கேர் என்று மாநிலத்துக்கு ஒரு பெயர். குறைந்த வருமானக் குடும்பங்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் முதியவர்கள் என்று சுமார் 7 கோடிப் பேர் அதில் இருக்கிறார்கள்.

பெரும்பாலான மாநிலங்கள் மருத்துவமனை பில்லைத் தாங்களே பார்த்துக் கட்டுவதில்லை. டெண்டர் விட்டுக் காப்பீட்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, ஓர் உறுப்பினருக்கு மாதம் இவ்வளவு என்று கொடுத்துவிடுகின்றன. இது நாம் பார்க்காத ஏற்பாடு அல்ல. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது நம் அரசு ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஆட்சி மாறி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது ஒப்பந்தம் பொதுத்துறையின் யுனைடெட் இந்தியாவிடம் போனது. மக்கள் கையில் அட்டை மாறியது. அந்த அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைப் பற்றி அப்போது நாம் யாரும் பேசவில்லை. இன்று அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

டெண்டர் முடிவு வரும் நாள் வேறு, பழைய ஒப்பந்தம் முடியும் நாள் வேறு. இரண்டுக்கும் நடுவில் பல மாதங்கள் கிடக்கும். புதிய நிறுவனம் மருத்துவர்களைச் சேர்க்க வேண்டும், கணினியைத் தயார்செய்ய வேண்டும், மாநிலம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும், உறுப்பினர்களுக்குக் கடிதம் போக வேண்டும். தோற்ற நிறுவனமும் பெரும்பாலும் சும்மா இருப்பதில்லை. ஆட்சேபம் எழுதும், நீதிமன்றம் போகும். கலிபோர்னியாவில் 2022 ஆகஸ்டில் முடிவு அறிவித்து மூன்று நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுபட்டவர்கள் எதிர்த்தார்கள். அந்த டிசம்பர் முடிவதற்குள் மாநிலம் அந்த டெண்டரையே விலக்கிவிட்டு, விடுபட்டவர்களில் இருவரையும் சேர்த்து ஐந்து நிறுவனங்களோடு நேராகப் பேசி முடித்துக்கொண்டது. புதிய ஒப்பந்தங்கள் தொடங்கியது 2024 ஜனவரியில். முதல் அறிவிப்பிலிருந்து 16 மாதம். உங்களுக்கும் அதே 16 மாதம் கிடைக்கும் என்று எண்ணி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முடிவும் மாறலாம், தேதியும் மாறலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒப்பந்தம் முடிந்த மறுநாளும் உங்கள் திரை காலியாகாது. கீழ்பவானி வாய்க்காலைப் பார்த்திருப்பீர்கள். அணையில் ஷட்டரை இறக்கிய பிறகும் கடைமடையில் சில நாள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கிளெய்மும் அப்படித்தான். கடைசி நாள் வரை நடந்த சிகிச்சைக்குப் பழைய நிறுவனம்தான் பணம் கொடுக்க வேண்டும். சிகிச்சை நடந்த நாளிலிருந்து பில் அனுப்ப நடுவண் விதி தரும் உச்ச அவகாசம் 12 மாதம். பல ஒப்பந்தங்களில் அதைவிடக் குறைவு. இதைத்தான் நம் அலுவலகங்களில் ரன்-அவுட் என்கிறோம். எந்த மேசை முதலில் காலியாகும் என்பதிலும் ஒரு வரிசை உண்டு. உறுப்பினர் சேர்க்கையும் முன் அனுமதியும் முதலில் குறையும். தொலைபேசிப் பிரிவு அடுத்தது. கிளெய்ம் அதற்குப் பின். மருத்துவமனைகளின் முறையீடும் திருத்தமும் கடைசி. என் அனுபவத்தில் முறையீட்டு மேசை விளக்குதான் கடைசியாக அணைந்தது. உங்கள் மேசை எது என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

மேலாளரிடம் மூன்றைக் கேளுங்கள். இப்போதைய ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது? நிறுவனம் ஆட்சேபம் தாக்கல் செய்திருக்கிறதா? ரன்-அவுட் வேலை கோவையிலேயே இருக்குமா, வேறு ஊருக்குப் போகிறதா? வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், மின்னஞ்சலில் கேளுங்கள். மாநில டெண்டர் முடிவுகள் பொது ஆவணங்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மாநிலச் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் நீங்களே தேதியைப் பார்க்கலாம். மேலாளர் சொல்லாததை அந்த மாநிலம் சொல்லும்.

அங்குள்ள ஊழியர்களுக்கு 60 நாள் முன்னறிவிப்பு உண்டாமே என்றும் கேட்டிருந்தீர்கள். உண்டு. 1988-இல் வந்த சட்டம் அது. 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் பெருமளவில் ஆட்களைக் குறைக்கும்போது பொருந்தும். கோவைக்கு அது வராது. நமக்கு நம் சட்டம். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர், பீளமேடு: நான் டீம் லீடர். என் குழுவில் 9 பேரிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கித் தரச் சொல்கிறார்கள். கொடுத்தால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும், கொடுக்காவிட்டால் பணிநீக்கம் என்று பதிவாகும், வேறு எங்கும் வேலை கிடைக்காது என்று சொல்லச் சொல்கிறார்கள். நானும் சம்பளக்காரன்தான். என்ன செய்வது அம்மா?

கண்ணு, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் 2014-இல் நான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வாடிக்கையாளரும் ஒரு மாநில ஒப்பந்தத்தை இழந்தார். கேன்டீனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மூன்று இரவுகளில் 11 பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அச்சடித்து வைத்திருந்த தாளில் கையெழுத்து வாங்கினேன். காங்கேயத்துப் பெண் ஒருத்தி, எதையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடாதவள், தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "நான் எதற்கு ராஜினாமா செய்கிறேன் மேடம்? வேலையை விட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லையே." என்னிடம் பதில் இல்லை. எல்லோரும் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். போட்டாள். அன்று அதிகாலை கேப் வரும் வரை வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். 11 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவளுக்கு அன்று நான் செய்தது அநியாயம்.

மில் மூடும்போது நான் பார்த்தது வேறு. நிர்வாகத்தின் தாள் வந்ததும் சங்கத்துக்காரர் வேப்பமரத்தடியில் நின்று அதை வரிவரியாக உரக்கப் படித்தார். எழுதப் படிக்கத் தெரியாத சைசிங் தொழிலாளிக்கும் தனக்கு என்ன வரும், என்ன வராது என்று தெரிந்த பிறகுதான் கைநாட்டு விழுந்தது. 1946-இல் தூக்கிலேற்றப்பட்ட நான்கு மில் தொழிலாளர்களின் நினைவு இருக்கும் ஊர் சின்னியம்பாளையம். அந்த வழியாகத்தான் அவிநாசி சாலையில் நம் பிள்ளைகளின் கேப்கள் போகின்றன. பட்டம் படித்த பிள்ளைகளை ஏசி அறையில் தனித்தனியாக உட்காரவைத்து, மில் தொழிலாளிக்குத் தெரிந்திருந்த கணக்கைக்கூடத் தெரியவிடாமல் கையெழுத்து வாங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கணக்கு இதுதான். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிறுவனம் தன் காரணத்துக்காக வெளியேற்றினால் அதற்கு ஆட்குறைப்பு என்று பெயர். ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஒருவருக்குச் சட்டக் கணக்கில் வரும் மாத ஊதியம் 24,000 ரூபாய், சேவை 6 ஆண்டு என்று வையுங்கள். இழப்பீடு ஆண்டுக்கு 12,000 வீதம் 72,000. முன்னறிவிப்பு கொடுக்காமல் அனுப்பினால் அதற்கு இன்னொரு 24,000. பணிக்கொடை, ஒரு மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆலும் சேவை ஆண்டுகளாலும் பெருக்கும் கணக்கில், 83,077. இதில் பணிக்கொடை மட்டும் ராஜினாமா செய்தாலும் வரும், 5 ஆண்டு முடித்திருந்தால். மற்றவை அந்த ஒற்றைத் தாளோடு போய்விடும். அது மட்டுமல்ல, ராஜினாமா செய்தவர் என்றால் நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை பார்க்க வேண்டிய கடமையும் அவர் தலையிலேயே விழும். அதனால்தான் அந்தத் தாளை இவ்வளவு அவசரமாகக் கேட்கிறார்கள்.

"நாங்கள் எக்ஸிகியூட்டிவ், தொழிலாளர் சட்டம் எங்களுக்கு வராது" என்று உங்கள் குழுவில் சிலர் நினைத்திருப்பார்கள். அடையாள அட்டையில் இருக்கும் பதவிப் பெயரைச் சட்டம் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைத்தான் பார்க்கிறது. நாள் முழுவதும் கிளெய்ம் பார்க்கிறவர் எழுத்தர் வேலையோ செயல்பாட்டு வேலையோ பார்க்கிறவர். அவருக்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. மேற்பார்வை வேலைக்குத்தான் புதிய தொகுப்பில் மாதம் 18,000 ரூபாய் என்ற வரம்பு. உங்கள் நிலைதான் சிக்கல், கண்ணு. உங்கள் வேலையில் பெரும்பகுதி மேற்பார்வையா, நீங்களும் டார்கெட் வைத்துக் கிளெய்ம் பார்க்கிறீர்களா என்பதைப் பொறுத்தது அது. கோவையில் தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர் ஒருவரிடம் பணி நியமனக் கடிதத்தையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் காட்டிக் கேளுங்கள். நம் ஊரில் இதில் பழுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்த 9 பேர் விஷயத்தில் நான் சொல்வது இது. மேலிடத்திலிருந்து வந்த உத்தரவை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அனுப்பமாட்டார்கள், அதிலிருந்தே உங்களுக்குப் புரியும். பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிடாதீர்கள். கூப்பிடச் சொன்னால், தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வரலாம் என்று சொல்லுங்கள். வேறு எங்கும் வேலை கிடைக்காது என்பதை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். அது பொய். ஒப்பந்தம் போனதால் ஆட்குறைப்பு என்பது யாருடைய நடத்தைக்கும் வந்த களங்கம் அல்ல, இந்தத் துறையில் ஆள் எடுக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இதைப் படிப்பவர்களில் யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: இந்தத் தேதியில், இன்னார் கேட்டதன் பேரில் எழுதிக் கொடுத்தேன், என் விருப்பத்தால் அல்ல, திரும்பப் பெறுகிறேன் என்று. நாள் ஆக ஆக அந்தச் சொல்லுக்கு வலு குறையும்.

ஒரு தந்தை, கோபிசெட்டிப்பாளையம்: என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. வேலை போகலாம் என்பதை மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா? இப்போதே ஊருக்கு வரச்சொல்லிவிடலாமா?

ஐயா, சொல்லிவிடுங்கள். மகளையும் கூடவைத்துக்கொண்டு சொல்லுங்கள். சம்பளத்தைப் பார்த்து வந்த சம்பந்தம் என்றால் அது தைக்கு முன்னால் தெரிவது நல்லது. ஊருக்கு வரச்சொல்ல வேண்டாம். அவளாக விட்டுவந்தால் அது ராஜினாமா. மேலே எழுதியதை அவளுக்குப் படிக்கக் கொடுங்கள். கொடிவேரிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் வைத்துப் பிழைக்கிறவர் நீங்கள். விளைந்த பயிரைப் பாதியில் விட்டு யாரும் கரையேறமாட்டார்கள்.

ஒரு வாசகி, திருப்பூர்: எனக்கு ஐந்தாவது மாதம். சம்பளம் 27,000. தினமும் திருப்பூரிலிருந்து கோவைக்குக் கேபில் போய்வருகிறேன். என் பெயரும் பட்டியலில் இருக்கிறது என்கிறார்கள். மகப்பேறு விடுப்புச் சம்பளம் போய்விடுமா?

போகாது அம்மிணி. முதலில் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1961-இலிருந்து இருக்கும் சட்டம். 12 வாரமாக இருந்ததை 2017-இல் 26 ஆக்கினார்கள். இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். கர்ப்ப காலத்தில் நீக்கினாலும், நீக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்க வேண்டிய மகப்பேற்றுப் பலன் கைவிட்டுப் போகாது. உங்கள் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-க்கு மேல் என்பதால் தர வேண்டியது உங்கள் நிறுவனம். 21,000-க்குள் இருக்கிற பெண்களுக்கு இ.எஸ்.ஐ. தரும், அவர்கள் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பதிவு செய்துகொள்வது நல்லது.

நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்பதையும் பிரசவத் தேதியையும் மருத்துவர் சான்றோடு எழுத்தில் எச்.ஆருக்கு அனுப்புங்கள். உங்கள் டீமுக்கே தெரியும் என்பது போதாது. "அவர் சொல்லவே இல்லை" என்று பின்னால் யாரும் சொல்ல இடம் வைக்காதீர்கள். அதையும் மீறி நீக்கி, பலனை மறுத்தால் 60 நாளுக்குள் தொழிலாளர் துறையில் முறையிட வேண்டும். குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த நாள் கடந்துவிடும். உங்கள் கணவரிடமோ அம்மாவிடமோ இப்போதே அந்தத் தேதியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், ஈரோடு: அலுவலகக் குழுக் காப்பீட்டில் என் பெற்றோரும் இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு இதய நோய். வேலை போனால் என்ன செய்வது?

உலகத்துக்கே காப்பீட்டுக் கணக்குப் பார்க்கிற பிள்ளைகள் வீட்டில் சொந்தப் பாலிசி இருப்பதில்லை. இதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

வேலை முடிகிற அன்றே பெரும்பாலான குழுப் பாலிசிகள் முடிந்துவிடும். அதனால் அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றக் கேளுங்கள். இந்த மாற்றத்துக்கு விதியில் இடம் உண்டு. குழுவில் கழித்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் வரவு வைக்கப்படும். புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்கவைக்கலாம். அம்மாவின் இதயத்துக்கு அந்த 3 ஆண்டு பெரிய காலம். பிரீமியம் கூடத்தான் செய்யும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பது கொஞ்சம் ஆறுதல். நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்த கிளெய்ம்கள் எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்றை கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பொள்ளாச்சி: என் மகன் வேலையைப் பற்றி வீட்டில் எல்லோரும் கவலைப்படுகிறோம். எனக்கு வேறொரு கேள்வியும் இருக்கிறது. அந்த மாநிலத்தில் இந்தக் காப்பீட்டை நம்பியிருந்த ஏழைகள் என்ன ஆவார்கள்?

டீச்சர், 18 ஆண்டில் இந்தக் கேள்வியை என் அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நமக்கு அவர்கள் ஓர் உறுப்பினர் எண், ஒரு நோய்க்குறியீடு, ஒரு தொகை. ஆனாலும் சில எண்கள் மனத்தில் தங்கிவிடும். மூன்று வயதுக் குழந்தை ஒன்று. மாதம் தவறாமல் ஆஸ்துமாவுக்கு அவசர சிகிச்சைப் பிரிவு பில் வரும். ஒரு குளிர்காலம் முழுக்க வந்தது. பிறகு வரவில்லை. குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். வேறு எதையும் நினைக்க நான் விரும்பவில்லை.

ஒப்பந்தம் கைமாறுவதால் மட்டும் அவர்களுக்கு மெடிக்கெய்ட் போய்விடாது. வேறு நிறுவனத்துக்கு மாற்றப்படுவார்கள். புது அட்டை வரும். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைச் சில காலம் தொடர விடவேண்டும் என்று மாற்றத்துக்கான விதிகள் இருக்கும். அல்லல் வருவது வேறு இடத்தில். அவர்களுடைய மருத்துவர் புதிய நிறுவனத்தின் பட்டியலில் இருக்கவேண்டும். முன் அனுமதியைச் சிலர் திரும்ப வாங்கவேண்டியிருக்கும். வீடு மாறியவருக்குக் கடிதம் போய்ச்சேராது. காசு உள்ளவனுக்கு இது ஒரு தொலைபேசி அழைப்பு. இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி.

இதைவிடப் பெரிய இழப்பு அங்கே ஏற்கெனவே நடந்துவிட்டது. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து, யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள். 2023 ஏப்ரலில் அந்தக் காப்பு விலகியதும் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தகுதி இல்லாததால் அல்ல, தாள் சரியாக வந்துசேராததால் நீக்கப்பட்டார்கள். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டப்படி 2027 ஜனவரிக்குள் பல மாநிலங்களில் வேலை செய்யும் வயதினரில் ஒரு பகுதியினர் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ காட்டினால்தான் மெடிக்கெய்ட் நிலைக்கும். அதற்கும் தாள்தான். நம் ஊரில் ரேஷன் அட்டைக்கு விரல் ரேகை பதியாமல் திரும்பி வரும் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

உறுப்பினர் குறைந்தால் மாநிலம் தரும் தொகை குறையும், தொகை குறைந்தால் நிறுவனம் செலவைக் குறைக்கும், செலவைக் குறைக்க முதலில் பார்ப்பது கோவை மாதிரி ஊர்களைத்தான். உங்கள் மகனின் பயமும் அந்தத் தாயின் பயமும் ஒரே கயிற்றின் இரு முனைகள். நீங்கள் கேட்டதற்கு நன்றி டீச்சர்.

ஓர் இளைஞர், அவிநாசி: பி.எஸ்.சி. உயிரியல் முடித்திருக்கிறேன். மெடிக்கல் கோடிங், அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை, படித்து இந்தத் துறைக்கு வரலாம் என்று இருந்தேன். இப்போது வரலாமா?

வரலாம் தம்பி. ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தை இழக்கும்போது இன்னொரு நிறுவனம் அதைப் பெறுகிறது; பெற்றவருக்கும் ஆள் வேண்டும். நோய்க்குறியீடு எந்த நிறுவனம் போனாலும் மாறுவதில்லை. அங்கே 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10 என்ற நோய்க்குறியீட்டு முறைதான், அதை ஒழுங்காகக் கற்றவர்களுக்கு மருத்துவமனைப் பக்கத்திலும் வேலை உண்டு, காப்பீட்டுப் பக்கத்திலும் உண்டு. சான்றிதழ்த் தேர்வுக்கு முன்பணமாக லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி நிலையத்துக்குள் நுழையாதீர்கள். "வேலை உத்தரவாதம்" என்று பலகை வைத்திருந்தால் அந்த உத்தரவாதத்தை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

நேர்முகத் தேர்வின் முடிவில் "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். நம் பிள்ளைகள் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். நீங்கள் கேளுங்கள்: நான் உட்காரப்போகும் புராசஸ் எந்த வாடிக்கையாளருடையது, அதில் மெடிக்கெய்ட் எவ்வளவு, எந்த மாநிலம், அந்த ஒப்பந்தம் எந்த ஆண்டில் டெண்டருக்கு வருகிறது?